சாஃப்ட்வேருக்கும் பாட வீடியோவுக்கும் எவ்வளவு பூட்டுப் போடலாம்: சிவகாசியிலிருந்து ஒரு கைக்குறிப்பு

2011 ஆவணியில் ஒரு போன். "தம்பி, உங்க எஸ்டிமேட் சாஃப்ட்வேர்ல வேஸ்டேஜ் சதவீதம் எங்க போய் மாத்தணும்?" குரல் எனக்குப் புதுசு. அச்சகத்தின் பெயரைக் கேட்டு கஸ்டமர் நோட்டைப் புரட்டினேன், இல்லை. நேரில் போய்ப் பார்த்தால் என் சாஃப்ட்வேர்தான், என் ஐகான்தான். மேல்பட்டையில் மட்டும் சாத்தூர் ரோட்டில் இருக்கும் வேறொரு அச்சகத்தின் பெயர். அண்ணாச்சிக்கு ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. "பிரிண்டர் ரிப்பேர் பாக்க வர்ற பையன்தான் போட்டுக் குடுத்தான். ஐந்நூறு ரூபா வாங்கிக்கிட்டான். நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று பாராட்டு வேறு.

அந்தப் பையன் செய்தது ஹேக்கிங் ஒன்றும் இல்லை. சி டிரைவில் இருந்த என் ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த அச்சகத்தில் ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான். விசாரிக்க விசாரிக்க 19 அச்சகங்களில் அதே ஃபோல்டர் இருந்தது. அப்போது என்னிடம் காசு கொடுத்து வாங்கியவர்களே நாற்பது பேர்தான்.

நான் 2007 முதல் ஆஃப்செட் அச்சகங்களுக்கு எஸ்டிமேட் சாஃப்ட்வேர் எழுதி விற்கிறேன். தாளின் அளவு, தாளின் எடை (ஜி.எஸ்.எம்.), எத்தனை கலர், எத்தனை பிளேட், பைண்டிங் என்ன என்று கொடுத்தால் ஒரு டைரிக்கோ காலண்டருக்கோ அடக்க விலை வரும், கொட்டேஷனும் அச்சாகும். என் மனைவி ஆரி வொர்க் எம்பிராய்டரி சொல்லித் தருகிறாள், டிசைன் பி.டி.எஃப்.பும் வீடியோ வகுப்பும் விற்கிறாள். ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேர் சரக்கும் திருட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் எதைச் செய்து பலன் கண்டோம், எதில் காசைக் கரைத்தோம் என்பதைத் தனியாகச் சரக்கு செய்து விற்கும் சின்ன ஆட்களுக்காக எழுதுகிறேன். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு வக்கீல் இருக்கிறார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2003இல் நான் டி.டி.பி. வேலை கற்றுக்கொண்ட கணினியில் விண்டோஸ் முதல் தமிழ் எழுத்துரு வரை எல்லாமே காப்பிதான். அதனால் காப்பி போடுகிறவரைக் கொள்ளைக்காரராக எனக்குப் பார்க்க வராது. காப்பி போடுவது வாங்குவதைவிடச் சுலபமாக இருந்ததால் போட்டோம். இதை மனதில் வைத்துக்கொண்டு பூட்டைத் தேடினால் பாதி தவறு குறையும்.

யாருக்காகப் பூட்டு?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். விளையாட்டு சாஃப்ட்வேரையும் பெரிய டிசைன் பேக்கேஜையும் உடைப்பதற்கென்றே உலகத்தில் கூட்டங்கள் உண்டு, உடைப்பது அவர்களுக்கு ஒரு போட்டி. சிவகாசி அச்சகத்துக்கு ரீம் கணக்குப் போடும் சாஃப்ட்வேரை உடைக்க அவர்களில் ஒருவரும் ராத்திரி கண் விழிக்கப் போவதில்லை. நமக்கு எதிரே நிற்பவர் பென் டிரைவ் வைத்திருக்கும் சர்வீஸ் பையன், இரண்டாவது கிளையில் இன்னொரு கணினியில் போட்டுக்கொள்ளும் வாடிக்கையாளர், வேலையை விட்டுப் போகும்போது ஒரு காப்பி எடுத்துக்கொள்ளும் கணக்கர். இவர்கள் மூன்று பேரையும் நிறுத்தினால் நஷ்டத்தின் பெரும்பகுதி நின்றுவிடும். இது புரியாமல் நான் ஒரு வருடம் வெளிநாட்டு பாதுகாப்பு பேக்கேஜ் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். கண்ட பலன், ஆன்டிவைரஸ்கள் என் சாஃப்ட்வேரை வைரஸ் என்று பிடித்ததுதான்.

முதலில் காகிதம்

கோட் எழுதுவதற்கு முன்னால் காகிதத்தைச் சரிசெய்யுங்கள். இந்தியப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 1957இல், கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். கட்டணம் 500 ரூபாய், படிவம் 14, பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்திலேயே போடலாம். சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுக்க வேண்டும், அதில் எதையும் கறுப்படித்து மறைக்கக் கூடாது. ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள். பின்னால் ஒருவருக்கு நோட்டீஸ் அனுப்பும்போது அந்தச் சான்றிதழின் ஒரு நகல் போதும், பேச்சு பாதியில் முடியும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கோடில் ஒரு பகுதியை வெளியாள் எழுதித் தந்திருந்தால் அந்தப் பகுதியின் உரிமை அவருடையதுதான். நீங்கள் காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதால் அது உங்களுக்கு வந்துவிடாது, எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் 5 வருடம் என்றும், எந்த ஊருக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 19). என் ரிப்போர்ட் பகுதியை 2012இல் ஒரு நண்பர் எழுதினார். அப்போது பரோட்டாக் கடையில் வாய்ப்பேச்சில் முடித்த விஷயத்தை, ஆறு வருடம் கழித்துப் பத்திரத்தாளில் எழுதி வாங்கினேன். நல்ல மனுஷன், கையெழுத்துப் போட்டார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

வாடிக்கையாளரிடம் கொடுக்கும் ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை கணினி, கிளைக்குப் போடலாமா, விற்கலாமா என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள். பேக்கப் காப்பி எடுக்கக் கூடாது என்று மட்டும் எழுதாதீர்கள். முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துவைப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது.

கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் ஃபைல்

என் முதல் பூட்டு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாடிக்கையாளரின் போன் நம்பரை ஏழால் பெருக்கி, ஒரு எண்ணைக் கூட்டி, அதுதான் சீரியல் நம்பர். அதுவும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் சீரியலும் கூடவே போய்விடும். சூத்திரத்தைக் கண்டுபிடித்தால் யார் வேண்டுமானாலும் ஆயிரம் நம்பர் தயாரிக்கலாம். கீஜென் என்பது இப்படிப்பட்ட சூத்திரத்தைப் பிடித்துச் செய்யும் சின்ன நிரல்தான்.

இதற்கு மருந்து டிஜிட்டல் கையெழுத்து. இரண்டு சாவிகள் உண்டாக்குவீர்கள். ஒன்று உங்களிடமே இருக்கும் தனிச்சாவி, அதனால் கையெழுத்துப் போடலாம். மற்றது சாஃப்ட்வேருக்குள் வைக்கும் பொதுச்சாவி, அதனால் கையெழுத்தைச் சரிபார்க்க மட்டுமே முடியும். லைசென்ஸ் ஃபைலில் அச்சகத்தின் பெயர், ஊர், ஜி.எஸ்.டி. எண், மெஷின் கோடு (அந்தக் கணினியின் அடையாளம்), எத்தனை கணினி, எந்தத் தேதி வரை அப்டேட் என்று சாதாரண எழுத்திலேயே இருக்கும். அத்தனைக்கும் கீழே தனிச்சாவியால் போட்ட கையெழுத்து. ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. சாஃப்ட்வேரை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் கிடைப்பது பொதுச்சாவி மட்டும், அதை வைத்துப் புது லைசென்ஸ் தயாரிக்க முடியாது. நிரலையே வெட்டி ஒட்டினால்தான் உண்டு. அதைச் செய்யும் ஆள் பென் டிரைவ் பையன் இல்லை.

இதற்கு ஆர்.எஸ்.ஏ., எட்25519 (Ed25519) என்ற கையெழுத்து முறைகளில் ஏதாவது ஒன்று போதும். நீங்கள் எழுதும் மொழியில் இருக்கும் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாகச் சங்கேத முறை எதையும் கண்டுபிடிக்காதீர்கள். என் தனிச்சாவி இணையம் இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கிறது. அதன் பிரதி இரண்டு பென் டிரைவில், ஒன்று வீட்டு பீரோவில், ஒன்று பேங்க் லாக்கரில். அது தொலைந்தால் புது லைசென்ஸ் கொடுக்க முடியாது. கசிந்தால் ஊரே கொடுக்கும்.

இனி சொல்வதுதான் எனக்கு மிகப் பெரிய பலன் தந்தது, செலவு ஒரு ரூபாய் இல்லை. கொட்டேஷனின் தலைப்பில் அச்சாகும் அச்சகப் பெயரை அந்தக் கையெழுத்துப் போட்ட ஃபைலிலிருந்துதான் எடுக்கிறேன். செட்டிங்ஸில் போய் மாற்ற வழி கிடையாது. வேறொரு அச்சகம் காப்பி போட்டால் எல்லாம் ஓடும், கணக்கு சரியாக வரும், ஆனால் பார்ட்டிக்கு அனுப்பும் காகிதத்தில் போட்டியாளர் பெயர் அச்சாகும். அப்படிக் கொட்டேஷன் அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? காப்பியைத் தடுப்பதைவிட, காப்பி போட்டவருக்கு அது உதவாமல் போகச் செய்வது லேசு. உங்கள் சரக்கில் வெளியாளின் கண்ணில் படும் காகிதம் எது என்று யோசியுங்கள்: பில், ரிப்போர்ட் கார்டு, லேப் ரிசல்ட். பூட்டை அங்கே போடுங்கள்.

மெஷின் கோடு: விழுந்து எழுந்த இடம்

ஒரு கணினியில் போட்டதை இன்னொன்றில் ஓடாமல் செய்ய, அந்தக் கணினிக்கு ஓர் அடையாளம் வேண்டும். முதலில் நான் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை எடுத்தேன். யு.எஸ்.பி. வைஃபையைச் செருகினால் ஒன்று, கழற்றினால் வேறு. அப்புறம் மதர்போர்டு சீரியல் நம்பருக்குப் போனேன். அசெம்பிள் செய்த கணினிகளில் பல போர்டுகள் அந்த இடத்தில் என்ன சொல்லும் தெரியுமா? "டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்." தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது என்று காலியாகவே விட்டிருப்பார்கள். என் லிஸ்டில் ஏழு அச்சகங்களுக்கு ஒரே சீரியல் நம்பர் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. விண்டோஸ் தானே கணினிக்கு வைக்கும் மெஷின்குய்டு என்ற அடையாள எண்ணும் நம்பத்தகாதது. சர்வீஸ்காரர் ஒரே இமேஜை (முழு விண்டோஸின் நகலை) எல்லாக் கணினியிலும் இறக்கியிருந்தால் எல்லாவற்றிலும் அது ஒன்றாகவே இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் நம்பர் நல்லதுதான், வாடிக்கையாளர் எஸ்.எஸ்.டி. மாற்றும் வரை.

இப்போது செய்வது இது. ஐந்து அடையாளங்கள் எடுக்கிறேன்: டிஸ்க், போர்டு, பிராசஸர், மெஷின்குய்டு, பதிக்கப்பட்ட நெட்வொர்க் கார்டு. காலியாகவோ பொதுச் சொல்லாகவோ இருப்பதைத் தள்ளிவிடுவேன். மிச்சத்தில் பாதிக்கு மேல் பொருந்தினால் அதே கணினி. டிஸ்க் மாறினாலும் ஓடும், முழுக் கணினியும் மாறினால் நிற்கும். அடையாளங்களை நேராக என்னிடம் வாங்குவதும் இல்லை. எஸ்.எச்.ஏ.-256 ஹேஷாக, அதாவது மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத கைரேகை மாதிரியான எண்ணாக மாற்றி, அதைச் சுருக்கிய கோடு மட்டும் வரும்.

ஆக்டிவேஷனுக்கு இணையம் கட்டாயம் என்று வைக்காதீர்கள். எங்கள் பக்கம் பல அச்சகங்கள் கணக்குக் கணினியை நெட்டோடு இணைப்பதே இல்லை. திரையில் வரும் கோடைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் லைசென்ஸ் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறேன். நாளைக்கு என் சர்வரையே நான் மூடினாலும் அவர்கள் கடை ஓட வேண்டும்.

டாங்கிளையும் கேட்பீர்கள், அதாவது செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் ஓடும் யு.எஸ்.பி. சாவியை. ஒரு காலத்தில் நாற்பது வாங்கிப் பார்த்தேன். பென் டிரைவ் என்று நினைத்து எடுத்துப் போனவர்கள், கூட்டும்போது உடைத்தவர்கள், விண்டோஸ் மாறியதும் டிரைவர் கிடைக்காதவர்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள சாஃப்ட்வேருக்கு அது சரி.

தேதி, பேட்டரி, ராத்திரி பதினோரு மணி

வருடச் சந்தா வைத்தால் தேதியைப் பார்த்தாக வேண்டும். கணினித் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால் லைசென்ஸ் முடியவே முடியாது என்பதை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கடைசியாகப் போட்ட எஸ்டிமேட்டின் தேதிக்கும் முந்தைய தேதியைக் கணினி காட்டினால் பூட்டிவிடு என்று 2014இல் எழுதினேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதிலிருந்து வருடக் கடைசி வரை ராத்திரி பகல் கிடையாது. புரட்டாசியில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன். "தம்பி, பூட்டிருச்சு. காலைல எட்டு மணிக்கு பார்ட்டிக்கு ரேட் குடுக்கணும்." பைக்கில் ஓடினேன். சந்தா பாக்கியா என்றால் இல்லை. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சி.ஆர்.2032 பேட்டரி செத்து, கரண்டு போய் வந்ததும் கணினி 2009க்குத் திரும்பியிருந்தது. என் சாஃப்ட்வேர் அந்த மனிதரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது. சில்லறைக் காசு பேட்டரிக்காக, ஒழுங்காகக் காசு கட்டிய ஆளின் முன்னால் நான் கைகட்டி நின்றேன். அதே வாரம் இன்னொரு அச்சகத்திலும் இதே கதை. காப்பி போட்ட 19 பேரில் ஒருவருக்கும் இந்தத் தொல்லை இல்லை, அவர்களிடம் இருந்தது பழைய வெர்ஷன்.

2005இல் சோனி பி.எம்.ஜி. இசைக் குறுந்தகடுகளில் காப்பியைத் தடுக்க ஒரு ரகசிய நிரலை வைத்து, அது வாங்கியவர்களின் விண்டோஸுக்குள் ஒளிந்து உட்கார்ந்தது. மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னதும் தகடுகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அங்கேயும் அடிபட்டது காசு கொடுத்து வாங்கியவர்தான். நான் செய்ததும் அந்த ஜாதிதான், அளவு சின்னது.

இப்போது என் விதிகள் இவை. தேதி குழம்பினால் எச்சரிக்கை மட்டும் வரும், கூடவே பேட்டரியைப் பாருங்கள் என்று ஒரு வரி. சந்தா முடிந்தால் 15 நாள் அவகாசம். அதற்கப்புறமும் பூட்டுவதில்லை: பழைய எஸ்டிமேட்டைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், எக்செலில் எடுத்துக்கொண்டு போகலாம், புதிது மட்டும் போட முடியாது. அந்த டேட்டா அவர்களுடையது, அதைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை கிடையாது. இன்னொன்று, எந்தத் தடையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளி வாரத்திலும் தொடங்காது. இதற்குத் தனியாக எட்டு வரி கோட் இருக்கிறது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த எட்டு வரி.

கோடை மறைப்பது

சி ஷார்ப்பில் எழுதிய நிரலை ஐ.எல்.ஸ்பை போன்ற கருவியில் இழுத்துப் போட்டால், நீங்கள் எழுதியதற்குக் கிட்டத்தட்ட நிகரான கோட் திரையில் வரும். பைத்தானில் எழுதி பைஇன்ஸ்டாலரால் ஒரே ஃபைலாக்கினால் அது பூட்டு ஆகாது, வெறும் பொட்டலம். பிரித்து எடுக்கக் கருவிகள் இலவசம். நியூட்கா வழியாகச் சி மொழிக்கு மாற்றித் தொகுத்தால் கொஞ்சம் கடினமாகும். டாட்நெட்டில் (சி ஷார்ப் ஓடும் தளம்) பெயர்களைக் குழப்பிவிடும் ஆப்ஃபஸ்கேட்டர் ஒன்றைப் போடுங்கள், எளியதே போதும். கடினமானதைப் போட்டால் நான் முன்னே சொன்ன ஆன்டிவைரஸ் தலைவலி வரும். கூடவே கோட் சைனிங் சான்றிதழ் வாங்கினால் விண்டோஸ் "தெரியாத வெளியீட்டாளர்" என்று பயமுறுத்துவது குறையும், இன்ஸ்டாலரில் வேறு யாரோ கைவைத்தாலும் தெரிந்துவிடும். 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை வன்பொருள் டோக்கன் போன்றவற்றில்தான் வைத்துத் தருகிறார்கள், செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் சரியா என்று கேட்டு ஆம், இல்லை சொல்லும் ஒரே ஃபங்ஷனை மட்டும் வைக்காதீர்கள். அதை எப்போதும் ஆம் சொல்ல வைத்தால் கதை முடிந்தது. லைசென்ஸில் இருக்கும் ஏதாவது ஒன்று கணக்குக்கே தேவைப்படுகிற மாதிரி செய்யுங்கள். நான் தாள் விலைப் பட்டியலைச் சங்கேதமாக்கி, திறக்கும் சாவியின் ஒரு பகுதியை லைசென்ஸில் வைத்திருக்கிறேன். தவறாமல் புது விலைப் பட்டியல் அனுப்புவேன். தாள் விலை நிலையாக நிற்கிற பொருளா? காப்பியில் இரண்டே மாதத்தில் விலை பழசாகி எஸ்டிமேட் நஷ்டத்தில் போகும். தொடர்ந்து புதுப்பிக்க வேண்டிய ஏதாவது உங்கள் சரக்கிலும் இருக்கும்: வரி விகிதம், பாடத்திட்டம், மாதிரித் தேர்வு.

மனைவியின் பி.டி.எஃப்., வீடியோ

சாஃப்ட்வேரையாவது கேள்வி கேட்க வைக்கலாம். பி.டி.எஃப். வாயில்லாத பொருள். அச்சிடத் தடை, காப்பி எடுக்கத் தடை என்று போடும் பாஸ்வேர்டு, திறக்கும் மென்பொருள் மதித்தால் மட்டுமே தடை. மதிக்காத மென்பொருளும் அதைக் கழற்றித் தரும் தளங்களும் ஏராளம். திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும் முறை வலுவானதுதான், ஆனால் ஃபைலை ஃபார்வர்டு செய்பவர் பாஸ்வேர்டையும் கீழே டைப் செய்து அனுப்புவார்.

அதனால் அவள் பூட்டுவதில்லை, பெயர் எழுதுகிறாள். ஒவ்வொருவர் வாங்கும்போதும் அவர் பெயர், ஆர்டர் எண், போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவை எல்லாப் பக்கத்திலும் டிசைன் கோடுகளுக்கு நடுவே வெளிர் சாம்பலில் விழும். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், மயில் கழுத்தின் மேல் போட்டால் டிசைனே கெடும் என்று வெட்ட மாட்டார்கள். முழு போன் நம்பரைப் போடாதீர்கள், கசிந்தால் பாவம், அந்தப் பெண்ணுக்கு யார் யாரோ போன் செய்வார்கள். இதைப் பைத்தானில் இருபது முப்பது வரியில் எழுதலாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் ஒன்று உண்டு: சில பக்கங்களில் ஒரு புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. எந்தெந்தப் பக்கத்தில் என்பது ஆர்டர் எண்ணைப் பொறுத்தது. பெயரை அழித்தாலும் புள்ளி பேசும். இங்கிலாந்தின் டோர் பதிப்பகம் 2012இல் மின்னூல்களிலிருந்து பூட்டையே எடுத்துவிட்டு, ஓராண்டு கழித்துத் திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று எழுதியது. அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு தைரியம் வந்தது.

வீடியோவை டிரைவ் லிங்க்கில் போட்டு விற்காதீர்கள், அது தெருவில் வைத்த மாதிரி. லாகின் கேட்டு, சில மணி நேரத்தில் காலாவதியாகும் லிங்க் தரும் தளத்தில் வையுங்கள். வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்.எல்.எஸ். முறையின் சாதாரண சங்கேதம் லாகின் உள்ள ஆளுக்குச் சாவியையும் சேர்த்தே கொடுக்கும், டவுன்லோடு கருவிகள் அதை வாங்கிக்கொள்ளும். கூகுளின் வைட்வைன் போன்ற டி.ஆர்.எம். (காப்பித் தடுப்புப் பூட்டு) இருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஸ்கிரீன் ரெக்கார்டு கறுப்பாக வரும். கணினியில் குரோமில் அந்தப் பாதுகாப்பு மென்பொருள் அளவில்தான், அவ்வளவு நம்ப முடியாது. எதுவாக இருந்தாலும், இன்னொரு போனை எதிரே வைத்துப் படம் பிடிப்பவரை யாரும் நிறுத்த முடியாது. ஆகவே இங்கேயும் பெயர்தான்: பார்ப்பவரின் ஆர்டர் எண் சில நொடிக்கு ஒரு இடத்தில் மங்கலாகத் தோன்றி மறையும், ஊசி பிடித்த கையின் மேலேயே.

ஒரே லாகினில் அக்கா தங்கை இரண்டு பேர் பார்ப்பதைக் காட்டினேன். "ஏங்க, ஒரே தறிக்கட்டைல ரெண்டு பேரும் உக்காந்து போடுவாங்க. விடுங்க" என்றாள். விட்டோம். ஒரே வாரத்தில் ஐந்து ஊரிலிருந்து திறந்தால் மட்டும் எனக்கு மெசேஜ் வரும்.

காப்பி கிடைத்துவிட்டது, இனி?

2023இல் என் மனைவியின் 64 வீடியோவும் பி.டி.எஃப்.பும் ஒரு டெலிகிராம் சேனலில் 99 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. கோபத்தில் அங்கேயே போய்த் திட்டினால் சேனலை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பார்கள். முதலில் சாட்சி. சேனலின் லிங்க், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், விலை எழுதிய பதிவு, முடிந்தால் ஒரு பிரதி, அந்தப் பிரதியின் ஹேஷ். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.

அப்புறம் நோட்டீஸ். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. உங்கள் படைப்பு எது, உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம், இது ஏன் திருட்டுப் பிரதி, அது இருக்கும் சரியான இடம், ஏற்றியவர் தெரிந்தால் அவர் விவரம், வழக்குப் போட்டு 21 நாளில் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழி, இவ்வளவும் வேண்டும். நோட்டீஸ் வந்த 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்துக்காரர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வரவில்லை என்றால் திரும்ப ஏற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. இதைத் தெரியாமல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று தூங்கிவிடுகிறார்கள். கூகுள், கிட்ஹப் (கோட் வைத்துப் பகிரும் தளம்) போன்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு 1998ஆம் ஆண்டு டி.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கிறது. அதில் பொய் சொன்னால் உங்கள் மேல் வழக்கு வரும். கிட்ஹப் அந்த நோட்டீஸ்களை, தனிப்பட்ட தொடர்பு விவரங்களை மறைத்துவிட்டு, பொதுவில் வெளியிடும். கூகுள் தேடலிலிருந்து எடுத்தால் தேடலில் வராது, அவ்வளவுதான். ஃபைல் இருக்கும் இடத்துக்கும் தனியாக எழுத வேண்டும்.

டெலிகிராமில் ஆள் யார் என்றே தெரியாதே என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு. போட்டித் தேர்வுப் பாடப் புத்தகங்கள் எழுதும் நீது சிங் தொடர்ந்த வழக்கில், சேனல் நடத்துபவர்களின் போன் நம்பர், ஐ.பி. முகவரி முதலிய விவரங்களைக் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்த ஊர்ச் சட்டம் தடுக்கிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. நாங்கள் நீதிமன்றம் வரை போகவில்லை. எங்கள் நோட்டீஸில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டோம், சேனல் போனது.

போலீசுக்கும் போகலாம். பிரிவு 63இன்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டு நிரல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 63-பி தனியாக இருக்கிறது, குறைந்தபட்சம் 7 நாள். பூட்டை உடைப்பதற்கு 65-ஏ, 2 வருடம் வரை. ஆனால் இந்தப் பிரிவுகளை நான் ஒருமுறைகூட வாடிக்கையாளர் மேல் பாய்ச்சியதில்லை. ஊர் சின்னது, நாளைக்கு அதே தெருவில் டெமோ காட்டப் போக வேண்டும்.

பி.டி.எஃப். புள்ளியை எண்ணிப் பார்த்ததில் வீடியோவை விற்றது ஒரு மாணவியின் தம்பி என்று தெரிந்தது. கல்லூரிப் பையன், வாங்கிய காசு மூவாயிரத்துச் சொச்சம். என் மனைவி அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசினாள். மறுநாள், அந்தச் சேனல் வழியாகத் தம்பி யாருக்கெல்லாம் அனுப்பினான் என்ற லிஸ்ட் எங்களுக்கு வந்தது.

அந்த 19 அச்சகங்களுக்கு நான் செய்தது இது. போன் போட்டு, "அண்ணாச்சி, உங்ககிட்ட ஓடுறது இன்னொருத்தர் பேர்ல இருக்கு. ஆல்பம் சீசனுக்கு முன்னாடி உங்க பேர்ல மாத்திருவோமா? இதுவரைக்கும் போட்ட எஸ்டிமேட் எல்லாம் அப்படியே இருக்கும், பழசுக்குக் காசு வேண்டாம்" என்றேன். திருட்டு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. 14 பேர் பில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேர் எக்செலுக்குத் திரும்பினார்கள். இரண்டு பேர் இன்றைக்கும் 2011 வெர்ஷனில்தான் ஓட்டுகிறார்கள், அதில் ஜி.எஸ்.டி.யே கிடையாது.

பிரிண்டர் பையனைத் தேடிப் பிடித்தேன். பயந்துதான் வந்தான். எந்த அச்சகத்தில் எந்தக் கணினி, யாருக்குக் கணக்குப் போடத் தெரியாமல் திண்டாட்டம் என்பதெல்லாம் என்னைவிட அவனுக்குத்தான் தெரியும். ஒரு லைசென்ஸுக்கு 15 சதவீதம் என்று பேசினோம். லைசென்ஸ் ஃபைல் அந்தக் கணினியில் ஏறி முதல் கொட்டேஷன் அச்சான பிறகுதான் காசு, முன்பணம் கிடையாது. இப்போது பெரிய ஆளாகிவிட்டார், சொந்தக் கடை, இரண்டு பையன்களை வேலைக்கு வைத்திருக்கிறார். போன வாரம் விருதுநகரில் ஒரு அச்சகத்திலிருந்து மெஷின் கோடைப் போட்டோ எடுத்து அனுப்பியவர், கீழே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டிருந்தார்: இந்த போர்டுலயும் சீரியல் நம்பர் காலியாத்தான் இருக்குண்ணே, பேட்டரியும் நானே மாத்திட்டேன்.